மோட்டார் வண்டியின் மூச்சு

கொங்கு நாட்டின் பழம்பெரும் ஊர்களுள் அவிநாசியும் ஒன்று. சுந்தரமூர்த்தி நாயனார் முதலை விழுங்கிய சிறுவனை மீட்டருளிய தலம் என்று சைவ மரபு இவ்வூரைப் போற்றுகின்றது. விநாசம் என்பது அழிவு; அவிநாசி என்பது அழிவில்லாதது. இப்பெயர் தாங்கிய ஊர் இன்று பல பெருவழிகள் கூடுமிடமாகவும் விளங்குகின்றது. சேலத்தினின்று கோவையைத் தொட்டுக் கொச்சிக்குச் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரை அடுத்துச் செல்கின்றது. திருப்பூரின் பின்னலாடைகளை ஏற்றிய லாரிகளும், பருத்தி மூட்டைகளைச் சுமந்த வண்டிகளும், அன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்திற்கும் நீலகிரிக்கும் செல்லும் கார்களும் இரவு பகலாக இங்கே ஓடிய வண்ணம் இருக்கின்றன. ஊர் அழிவில்லாதது என்று பெயர் பெற்றது. ஆனால் அவ்வண்டிகள் உண்ணும் எரிபொருளோ அழிந்து தீரும் இயல்பினது.

ஒரே நிறுவனத்தார் செய்த, ஒரே வயதுடைய இரண்டு வாடகைக் கார்கள் அவிநாசியினின்று கோவைக்குப் புறப்படுகின்றன என்று கொள்க. தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஏறிய சுமையும் ஒன்றே. ஓட்டுநரின் திறமையும் ஒன்றே. எனினும் ஒரு கார் 2 லிட்டர் பெட்ரோலில் சென்று சேர்கின்றது. மற்றொன்றுக்கு இரண்டரை லிட்டருக்கு மேலும் வேண்டியிருக்கின்றது. எரிபொருள் கலத்தில் ஓட்டை இல்லை. வழியில் எவரும் பெட்ரோலைக் களவாடவும் இல்லை. அங்ஙனமாயின் அம்மிகுதி எங்கே சென்றது? இவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர் பெட்ரோலை மட்டும் ஆராய்ந்தால் போதாது. கண்ணுக்குத் தோன்றாத காற்றையும் ஆராய்தல் வேண்டும்.

நெருப்பு எரிவதற்குக் காற்று இன்றியமையாதது என்பதை அடுக்களையில் நிற்கும் சிறுமியும் அறிவாள். விறகடுப்பில் விறகை நெருக்கித் திணித்தால் தீ மங்குகின்றது. புகை எழுந்து கண்ணைக் கரிக்கின்றது. ஒரு விறகை வெளியே இழுத்து, ஊதுகுழலால் இரண்டு முறை ஊதியவுடன் தீ பற்றி எரிகின்றது. அங்கே புதிதாகச் சேர்ந்தது விறகு அன்று, காற்றே. மிகுதியாக விறகு வைத்தவள் மிகுதியான சூட்டைப் பெறவில்லை, புகையையே பெற்றாள். மோட்டார் வண்டியின் எஞ்சினும் இத்தகையதோர் அடுப்பே ஆகும். அடுப்பு வெளியே எரிகின்றது. எஞ்சின் தன்னுள்ளே எரிக்கின்றது. இவ்வளவே வேறுபாடு.

எஞ்சினுள் சிலிண்டர் எனப்படும் உருளைகள் உள்ளன. அவற்றுள் பிஸ்டன் எனப்படும் உறுப்பு மேலும் கீழும் இயங்குகின்றது. அதன் தொழில் நான்கு படிகளையுடையது. முதற்படியில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுக்கின்றது. இரண்டாம் படியில் மேலேறி அவற்றை அமுக்குகின்றது. மூன்றாம் படியில் மின்பொறி தோன்றக் கலவை எரிந்து விரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. வண்டியை ஓட்டும் ஆற்றல் இப்படியிலேயே பிறக்கின்றது. நான்காம் படியில் எரிந்த புகை வெளியேற்றப்படுகின்றது. மனிதன் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுவது போல, எஞ்சினும் இடையறாது மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கின்றது.

இம்மூச்சின் அளவு வியப்பைத் தருவதாகும். பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு, எடையளவில், அதனைப் போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ எடையுள்ளது. ஆகவே, அதனை எரிக்கப் பதினொரு கிலோ அளவுள்ள காற்று வேண்டும். காற்று மிக இலேசான பொருளாதலின், அப்பதினொரு கிலோ காற்று ஏறத்தாழ 9,000 லிட்டர் இடத்தை நிரப்பும். பெட்ரோல் விற்பனை நிலையத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பணம் கொடுப்பவர், இயற்கையிடமிருந்து 9,000 லிட்டர் காற்றை விலையின்றிப் பெறுகின்றார். எஞ்சின் பெட்ரோல் குடிக்கின்றது என்று உலகத்தார் கூறுவர். கணக்கிட்டுப் பார்த்தால், அது பெட்ரோலை ஒரு மிடறு பருகிக் காற்றை அறையளவு விழுங்குகின்றது என்பதே உண்மை.

இவ்விரண்டும் உரிய அளவிற் கலத்தல் வேண்டும். காற்றை நோக்கப் பெட்ரோல் மிகுமாயின், எரிவதற்கு வேண்டிய பிராணவாயு போதாது. எரியாத பெட்ரோல் கரும்புகையாகவும் நஞ்சுடைய கார்பன் மோனாக்சைடு வாயுவாகவும் வெளியேறும். புகைக்குழாயில் உள்ள தூய்மைக் கலமும் மிகுந்த சூட்டால் பழுதுறும். காற்று மிகுந்து பெட்ரோல் குறையுமாயின், எஞ்சின் திக்கித் திணறும். பொறி பற்றாமல் தவறும். உறுப்புகள் அளவிறந்து சூடாகும். மிகினும் கேடு, குறையினும் கேடு. உணவிற்கும் மருந்திற்கும் பொருந்தும் இந்நெறி எஞ்சினுக்கும் பொருந்துகின்றது. எனவே, எரிபொருட் சிக்கனத்தின் உயிர்நிலை அளவறிதலே ஆகும்.

முற்காலத்தில் இவ்வளவை வகுக்கும் பணியைக் கார்புரேட்டர் என்னும் கருவி செய்து வந்தது. 1893ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு வில்லெம் மைபாக் என்பார் பெட்ரோலை நுண்துளி வழியே பீச்சிக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரை அமைத்தார். அதே ஆண்டில், கோவைக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஜி. டி. நாயுடு பிறந்தார். அவர் 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். யு. எம். எஸ். என்னும் பெயரால் அத்தொழில் வளர்ந்து, கொங்கு நாட்டுச் சாலைகளில் பேருந்துகள் பல ஓடலாயின. எஞ்சினைப் பிரித்துப் பார்த்து அறியும் ஆர்வம் இந்நாட்டு இளைஞரிடையே பரவ அவர் வாழ்வு ஒரு காரணமாயிற்று. பழைய கார்களின் அமைப்பை நேரிற் காண விரும்புவோர் கோவை அவிநாசிச் சாலையிலுள்ள ஜீ. டி. கார் அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைக் காணலாம்.

கார்புரேட்டரின் நடுவே குறுகிய கழுத்துப்பகுதி ஒன்று உண்டு. காற்று அக்கழுத்தின் வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறைகின்றது. குறைந்த அழுத்தம் பெட்ரோலைச் சிறு துளையின் வழியே மேலே இழுத்துக் காற்றிற் சிதறச் செய்கின்றது. மின்சாரம் வேண்டாத, எளிமையும் நுட்பமும் பொருந்திய அமைப்பு இது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. தன் வழியே செல்லும் காற்று அடர்ந்ததா, நொய்ந்ததா என்பதை அஃது அறியாது. பட்டறையில் ஒருவர் திருகாணியைத் திருகி வைத்த அளவே அதற்கு வேதம்.

இக்குறை மலையேற்றத்தில் நன்கு விளங்கும். அவிநாசியில் நன்றாக ஓடிய கார் ஒன்று மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் வழியாக உதகமண்டலத்திற்கு ஏறுகின்றது. உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதை நோக்க, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரோ அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்க அறியாது. கலவையில் பெட்ரோல் மிகுகின்றது. எஞ்சின் வலிமை குன்றுகின்றது. பின்னே கரும்புகை எழுகின்றது. சமவெளியில் வகுத்த அளவு மலையிற் பிழையாகின்றது.

இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த 1939 முதல் 1945 வரையுள்ள ஆண்டுகளில் பெட்ரோலுக்குப் பெருந் தட்டுப்பாடு உண்டாயிற்று. அந்நாளில் தமிழ்நாட்டுச் சாலைகளில் கரிவாயுப் பேருந்துகள் ஓடின. வண்டியில் இணைத்த உலையில் அடுப்புக்கரியை எரித்து, அதனின்று எழும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தினர். அவ்வாயுவுடன் கலக்க வேண்டிய காற்றின் அளவை ஓட்டுநரே கையால் மாற்றி அமைத்தார். எஞ்சின் ஓசையைக் காதாற் கேட்டும், அதன் இழுவையை உடலால் உணர்ந்தும் அவர் அளவறிந்தார். கரிவாயு ஆற்றல் குறைந்தது. உலையைக் கிளறுவதும் சாம்பலை அகற்றுவதும் கடுந்தொழில். எனினும், காற்றை அளந்து கொடுப்பவனே எஞ்சினை ஆள்பவன் என்னும் உண்மையை அக்கடின காலம் கற்பித்தது.

அன்று ஓட்டுநரின் காதும் கையும் ஆற்றிய தொழிலை இன்று நுண்ணிய உணர்கருவிகள் ஆற்றுகின்றன. பட்டறைகளில் இவற்றைச் சென்சார் என்று வழங்குவர். இவை தாம் அறிந்ததை மின்குறிப்பாக மாற்றி, வண்டியிலுள்ள சிறு கணிப்பொறிக்கு அறிவிக்கின்றன. அக்கணிப்பொறி எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, இன்ஜெக்டர் எனப்படும் பீச்சுகுழலை அவ்வளவு நேரம் மட்டும் திறந்து மூடுகின்றது. ஒரு நாட்டை ஆளும் அரசன் ஒற்றர் வாயிலாகச் செய்தியறிந்து ஆணையிடுவதைப் போன்றது இம்முறை.

ஒற்றருள் முதலானது காற்றளவு கூறும் உணர்கருவி. காற்று வடிகட்டியைக் கடந்து வரும் வழியில் மெல்லிய கம்பி ஒன்று மின்சாரத்தாற் சூடேற்றப்பட்டிருக்கும். காற்று அதன்மேற் படுந்தோறும் கம்பி குளிரும். குளிர்ந்த கம்பியை மீண்டும் பழைய சூட்டிற்குக் கொண்டுவர எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கின்றதோ, அதனைக் கொண்டு உட்சென்ற காற்றின் எடை அறியப்படுகின்றது. சூடான பாலை ஆற்றும்போது காற்று மிகுதியாகப் பட்டால் விரைவில் ஆறுவதை ஒத்தது இது. சிறு கார்கள் பலவற்றில் இக்கம்பிக்கு மாறாக, காற்றுக் குழாயினுள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கருவி அமைந்திருக்கும். வழி வேறாயினும் நோக்கம் ஒன்றே.

வெப்பத்தை அறியும் ஒற்றர் இருவர். ஒருவர் உட்புகும் காற்றின் வெப்பத்தைக் கூறுவர். குளிர்ந்த காற்று அடர்ந்தது, வெம்மையான காற்று நொய்ந்தது ஆதலின் இச்செய்தி வேண்டற்பாலது. மற்றொருவர் எஞ்சினைச் சுற்றியுள்ள குளிர்நீரின் வெப்பத்தைக் கூறுவர். மார்கழி விடியலில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்குத் தொடக்கத்தில் சிறிது மிகுதியான பெட்ரோல் வேண்டும். சூடேறிய பின் அம்மிகுதி வேண்டுவதில்லை. ஓட்டுநர் காலால் அழுத்தும் அளவையும், எஞ்சின் சுழலும் விரைவையும் அறிவிக்க வேறு கருவிகளும் உள்ளன.

இவை யாவும் எரிவதற்கு முன்னுள்ள நிலையைக் கூறுவன. எரிந்த பின் உள்ள நிலையைக் கூறுவது பிராணவாயு உணர்கருவி. ஆக்சிஜன் சென்சார் என்பதும் இதுவே. இது புகைக்குழாயில் பொருத்தப்படும். ஜிர்கோனியா என்னும் பொருளால் ஆகிய இதன் முனை ஏறத்தாழ 300 பாகை வெப்பமடைந்த பின் தொழிற்படத் தொடங்கும். புகையில் பிராணவாயு எஞ்சியிருக்குமாயின் காற்று மிகுந்தது என்று அறியலாம். எஞ்சவில்லையாயின் பெட்ரோல் மிகுந்தது என்று அறியலாம். அக்குறிப்பைப் பெற்ற கணிப்பொறி அடுத்த கணமே பெட்ரோலைக் கூட்டுகின்றது அல்லது குறைக்கின்றது. எழுதியதைத் தானே படித்துத் திருத்திக்கொள்ளும் நல்ல மாணவனைப் போல, எஞ்சின் தன் செயலைத் தானே திருத்திக்கொள்கின்றது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த இக்கருவி 1976ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பெற்றது.

இந்தியாவிலும் இம்மாற்றம் படிப்படியே நிகழ்ந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இவ்வுணர்கருவியையும் தூய்மைக் கலத்தையும் கெடுக்கும் தன்மையது. அப்பெட்ரோலின் விற்பனை 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் நிறுத்தப்பெற்றது. அவ்வாண்டு முதல் வண்டிப்புகைக்கு வகுக்கப்பட்ட வரையறைகள் மேன்மேலும் கடுமையாயின. பாரத் ஸ்டேஜ் வரிசையில் நான்காம் வரையறை 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலும், ஐந்தாவதைத் தாண்டி ஆறாம் வரையறை 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. அதன் பயனாக, புதிய மோட்டார் சைக்கிள்களுள் பெரும்பாலானவற்றிலும் கார்புரேட்டர் மறைந்து உணர்கருவிகள் இடம்பெற்றன.

ஒற்றன் பொய்யுரைத்தால் அரசன் ஆணை பிழைபடும். அவ்வாறே உணர்கருவி பழுதுற்றால் எஞ்சினின் கணக்கும் பிழைபடும். நீரின் வெப்பம் கூறும் கருவி பழுதாகி, எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கின்றது என்று கூறிக்கொண்டிருக்குமாயின், கணிப்பொறி நண்பகல் வெயிலிலும் விடியற்காலைக்குரிய பெட்ரோலை அளக்கும். பிராணவாயு உணர்கருவி கரி படிந்தோ முதுமையுற்றோ தொழில் மறக்குமாயின், திருத்தும் வழியின்றிப் பெட்ரோல் வீணாகும். காற்றளவு கூறும் கம்பியில் தூசியோ எண்ணெயோ படியுமாயின், அளவு மாறும். அளவு கருவிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் வெடிப்பு உண்டானால், அளக்கப்படாத காற்று திருட்டு வழியாக உட்புகும்.

இத்தகைய பெரும் பழுது ஒன்றை, சான்றாகக் கெட்டுப்போன பிராணவாயு உணர்கருவியை, மாற்றுவதால் ஒரு லிட்டருக்கு ஓடும் தொலைவு 100-க்கு 40 பங்கு வரையிலும் கூடக்கூடும் என்று அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை மக்களுக்கு அறிவுறுத்துகின்றது. எல்லாப் பழுதும் இவ்வளவு கேடு செய்வதில்லை. ஆயினும் செய்யக்கூடும் என்பதை மறத்தல் கூடாது.

தொடக்கத்திற் கூறிய இரண்டு வாடகைக் கார்களை இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் திங்கள்தோறும் 3,000 கிலோமீட்டர் ஓடுகின்றது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் கார் 150 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். லிட்டருக்கு 15 கிலோமீட்டரே ஓடும் கார் 200 லிட்டர் கொள்ளும். வேறுபாடு 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், திங்களுக்கு 5,000 ரூபாய். ஆண்டிற்கு 60,000 ரூபாய். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் காப்பவனுக்கு இத்தொகை பிள்ளைகளின் கல்விச் செலவாகும். காருக்கு வாங்கிய கடனின் தவணையாகும். அவன் விடியுமுன் எழுந்து உழைத்த உழைப்பில் ஒரு பங்கு, கையளவேயான ஒரு கருவியின் பழுதால் புகையாய்ப் போகின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகும். ஆகவே, திங்கள்தோறும் நூறு கிலோவிற்கு மேற்பட்ட கரியமில வாயு வீணே வானிற் கலக்கின்றது.

இப்பழுதை அறிவிக்கவே வண்டியின் முகப்பில் எஞ்சின் வடிவுடைய மஞ்சள் விளக்கு ஒன்று அமைந்துள்ளது. அவ்விளக்கு எரியும்போது, வண்டிதான் ஓடுகின்றதே என்று சிலர் பொருட்படுத்தாது விடுகின்றனர். விளக்கின் இணைப்பையே துண்டிப்போரும் உளர். காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் தணிந்துவிடுமோ? பட்டறையில் உள்ள சிறு கருவியை வண்டியுடன் இணைத்தால், எந்த இடத்தில் குற்றம் என்பதை வண்டியின் கணிப்பொறியே குறியெண்ணால் தெரிவிக்கும். அக்குறியெண் நோயின் அடையாளமே. நோயின் வேரை ஆராய்ந்து காண்பது தொழிலாளியின் அறிவு. குறியெண்ணை அழித்துவிட்டு வண்டியை அனுப்புவது மருத்துவம் ஆகாது.

காற்று வடிகட்டியைப் பற்றி மக்களிடையே ஒரு பழைய கருத்து நிலவுகின்றது. ஏர் பில்டர் அடைபட்டால் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும் என்பது அக்கருத்து. கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது பொருந்தும். அங்கே காற்று தடைப்படின் கலவையில் பெட்ரோல் மிகுந்து, சில விழுக்காடு வீணாகும். ஆனால் உணர்கருவிகளையுடைய புதிய பெட்ரோல் கார்களில் நிலைமை வேறு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தார் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. காற்று குறைந்தால், குறைந்த காற்றையே உணர்கருவி அளக்கின்றது. அதற்கேற்பக் கணிப்பொறி பெட்ரோலையும் குறைக்கின்றது. ஆதலின், செலவு குறிப்பிடத்தக்க அளவு மிகுவதில்லை. வண்டி வேகமெடுக்கும் திறனே குன்றுகின்றது. அடைபட்ட வடிகட்டியை மாற்றினால் அத்திறன் 100-க்கு 6 முதல் 11 பங்கு வரை சீர்படும். பழங்கருத்து பொய்யன்று, அஃது உண்மையாய் இருந்த காலம் மாறிவிட்டது. ஒரு கூற்று எக்காலத்துக்கு, எப்பொருளுக்குப் பொருந்துவது என்று ஆராய்தலே அறிவியல் நெறி.

அவ்வாறாயின் வடிகட்டியைப் பேணுதல் வேண்டாமோ எனின், வேண்டும். அது பெட்ரோலின் காவலன் அன்று, எஞ்சினின் காவலன். கொங்கு நாட்டின் கோடைக் காற்றில் செம்மண் தூசி பறக்கின்றது. நூற்பாலைகளும் பருத்திக் கிடங்குகளும் உள்ள இடங்களில் பஞ்சிழைகளும் மிதக்கின்றன. இத்தூசியில் உள்ள மணல் நுண்துகள்கள் எஞ்சினுள் புகுந்தால், உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பது போல, உருளையின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். பின்னர் எண்ணெய் எரியும், அமுக்கம் குறையும், எஞ்சினின் ஆயுளே குறுகும். டீசல் எஞ்சினிலோ காற்று குறைந்தால் கரும்புகையும் வலிமைக் குறைவும் தோன்றும். ஆகவே, வண்டி செய்தவர் கூறிய காலத்தில் வடிகட்டியை மாற்றுதல் நன்று. தூசி மிகுந்த இடங்களில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்னரே மாற்றுதல் வேண்டும். தாளாலாகிய வடிகட்டியைக் கடுங்காற்றால் ஊதினால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் உண்டாகும். வடிகட்டியை நீக்கிவிட்டு ஓட்டினால் வேகம் மிகும் என்று எண்ணுவோர், வாயிற்கதவைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்குவோரை ஒப்பர்.

கருவிகள் யாவும் செம்மையாக இருப்பினும், ஓட்டுவோரின் ஒழுக்கம் செம்மையாக இல்லையேல் சிக்கனம் கைகூடாது. திடீரென விரைந்து, திடீரென நிறுத்துதல், காற்றுக் குறைந்த டயர்களுடன் ஓட்டுதல், வேண்டாத சுமையை ஏற்றிச் செல்லுதல் ஆகியவை பெட்ரோலை வீணாக்குவன. நின்றுகொண்டே இயங்கும் எஞ்சின் ஓர் அடியும் நகராமல் எரிபொருளை உண்கின்றது. கோவை அவிநாசிச் சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பெற்று, ஜி. டி. நாயுடுவின் பெயரைப் பெற்றது. கைகாட்டி விளக்குகளில் நின்று நின்று செல்லும் தொல்லை குறையும்போது எரிபொருளும் மிஞ்சும். பாலம் இல்லாத இடங்களில் நெடுநேரம் நிற்க நேரின், எஞ்சினை நிறுத்தி வைப்பது ஓட்டுவோர் கையில் உள்ளது.

இந்நுண்கருவிகள் யாவும் அயல்நாட்டாருக்கே உரியன என்று எண்ணுதல் வேண்டா. கோவையில் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரிக்கால் நிறுவனம் வண்டிகளின் முகப்பில் அமையும் அளவுமானிகளையும் பல்வகை உணர்கருவிகளையும் செய்து வருகின்றது. பஞ்சாலைக்கும் பம்புசெட்டுக்கும் பெயர் பெற்ற கொங்கு நாடு அளவுக் கருவிகளுக்கும் பெயர் பெற்றிருக்கின்றது. இப்பகுதியின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியற் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர் நாளைக்கு இவற்றினும் நுண்ணிய கருவிகளை ஆக்குதல் கூடும். சுத்தியலும் திருப்புளியும் அறிந்த கைகள் மின்குறிப்பையும் கணக்கையும் அறிதல் இக்காலத்தின் தேவையாகும்.

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்கிற்கு மேல் வெளிநாடுகளினின்றே பெறுகின்றது. கடல் கடந்து, பெரும்பொருள் கொடுத்து வாங்கும் எண்ணெயை அளவறியாது எரிப்பது வீட்டிற்கும் கேடு, நாட்டிற்கும் கேடு. எரியாமல் வெளிப்படும் புகையோ, வண்டியே இல்லாத ஏழையின் மூச்சிலும், சாலையோரப் பள்ளியில் பயிலும் சிறுவரின் மூச்சிலும் சென்று கலக்கின்றது. எஞ்சின் வாங்கும் மூச்சும் மக்கள் வாங்கும் மூச்சும் ஒரே வானத்துக் காற்றே. ஆதலின், எஞ்சினின் மூச்சைச் செம்மையாக வைப்பது பணத்தை மிச்சப்படுத்தும் வழி மட்டும் அன்று. பிறர் மூச்சைப் போற்றும் அறமும் ஆகும்.

அளவை அறிந்து, அறிந்தவாறு வழங்கி, வழங்கியதன் பயனைக் கண்டு திருத்திக்கொள்ளுதல் என்னும் மூன்றுமே அச்சிறு கருவிகள் இடையறாது செய்யும் தொழில். அவற்றைப் படைத்த மனிதனும் தன் செலவிலும் செயலிலும் அம்மூன்றைக் கடைப்பிடிப்பானாயின், எரிபொருள் மட்டுமன்றி வாழ்வும் வளம்பெறும்.